நோன்பு மாதத்துத் தேநீர்க் கரண்டி

எங்கள் வீட்டில் பால் திரிந்துவிட்டதா என்று பார்க்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். மூடியைத் திறந்து ஒருமுறை முகர்ந்துவிட்டு, "இது பின்னேரம் வரைக்கும் தாங்காது" என்று சொன்னேனென்றால் அது தாங்காது. நானா, என் அண்ணன், எனக்குப் பூனை என்று பெயர் வைத்திருந்தார். பூனைக்கு அதையே தொழிலாகச் செய்யலாம் என்று தெரியவர இருபது வயது தாண்ட வேண்டியிருந்தது.

நேராக ஒன்றும் வந்து சேரவில்லை. உயர்தரப் பெறுபேறு பல்கலைக்கழகத்துக்குப் போதவில்லை. கடுகண்ணாவையில் பிரதான வீதியோரம் வாப்பாவுக்கு ஒரு ஹார்ட்வெயார் கடை இருந்தது. கடைக்கு வந்தவர்கள் எல்லாரும், ஆணி வாங்க வந்தவர்கள் உட்பட, பெண்பிள்ளைக்கு டீச்சர் வேலைதான் தோது என்று வாப்பாவுக்குப் புத்தி சொன்னார்கள். அதனால் முதலில் ஒரு பாலர் பாடசாலையில் உதவியாளராகச் சேர்ந்தேன். பிள்ளைகள் என்னைக் கணக்கில் எடுக்கவே இல்லை. நான் பேசுவது எனக்கே கேட்காது, அவர்களுக்கு எப்படிக் கேட்கும்? பிறகு பேராதனையில் ஒரு பார்மசியில் பயிற்சி. மருந்துப் பெயர்களை நன்றாகவே படித்தேன். ஆனால் வந்தவர்கள் "என்ன, என்ன?" என்று காதைக் கிட்டக் கொண்டுவர வேண்டியிருந்ததால் முதலாளிக்கு அலுத்துவிட்டது. எனக்கும்தான்.

தேயிலைத் தொழில்நுட்பம் பற்றிய ஒரு குறுகிய பாடநெறியில், கூட்டாளி ஒருத்திக்குத் துணையாகத்தான் சேர்ந்தேன். கலியாணம் பேசி வந்ததும் அவள் நின்றுவிட்டாள், நான் தனியாகத் தொடர்ந்தேன். ஒருநாள் எங்களை ஒரு தொழிற்சாலைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அங்கே சுவை பார்க்கும் அறையில் வெள்ளைக் கிண்ணங்கள் வரிசையாக இருந்தன. ஒரு கிண்ணத்தின் மேல் குனிந்தபோது புகை மணந்தது. சொல்லலாமா வேண்டாமா என்று வெகுநேரம் யோசித்துவிட்டுப் பக்கத்தில் நின்ற விரிவுரையாளரிடம் மெதுவாகச் சொன்னேன். அவர் உரக்கச் சொன்னார். தொழிற்சாலைக்காரர்கள் போய்ப் பார்த்தால், உலர்த்தும் இயந்திரத்தில் ஒரு தகடு விரிசல் விட்டு அடுப்புப் புகை உள்ளே போய்க்கொண்டிருந்தது. அன்றைக்கு ரயிலில் வீடு திரும்பும் வழியெல்லாம் என் விரல்களை முகர்ந்துகொண்டே வந்தேன். இதுதான் என் வேலை, வேறொன்றும் எனக்கு வேண்டாம் என்று இருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒன்றை நான் உண்மையாக ஆசைப்பட்டேன்.

கண்டி நகரில், தேயிலை வாங்கிக் கலந்து ஏற்றுமதி செய்யும் ஒரு சிறிய கம்பனியில் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. பயிற்சியாளர்கள் இருவர். நான் ஒன்று, மற்றவர் ஹேவாஹெட்டப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த ஒரு இளைஞர். அவருடைய அம்மா இன்னும் கொழுந்து பறிக்கிறார். பயிற்சி முடிவில் ஒருவரைத்தான் நிரந்தரமாக எடுப்பார்கள் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். அவருக்கும் அந்த இடம் தேவை, எனக்கும் தேவை. அதைப் பற்றி நாங்கள் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை.

மேல்மாடியில் வடக்குப் பார்த்த பெரிய ஜன்னலோடு நீளமான அறை. நேர் வெயில் விழுந்தால் தேநீரின் நிறம் பொய் சொல்லும் என்பதால் வடக்கு வெளிச்சம். கொதிநீர் ஊற்றி, மணி அடித்ததும் வடித்து, கிண்ணங்களை வரிசையாக வைப்போம். தலைமைச் சுவைஞர் சக்கரம் பூட்டிய உயரமான படிக்கத்தை ஒரு கையால் தள்ளிக்கொண்டு வருவார். கரண்டியில் அள்ளி, தொண்டைவரை சத்தமாக உறிஞ்சி, படிக்கத்தில் துப்பி, அடுத்த அடி வைப்பதற்குள் தீர்ப்பைச் சொல்ல வேண்டும். பக்கத்தில் ஒருவர் எழுதுவார். யோசிக்க நேரம் கிடையாது. யோசித்தால் நாக்கு பக்கத்துக் கிண்ணத்தை நினைத்துக்கொள்ளும் என்பார் அவர்.

அவர் ஒரு சிங்களவர். என்னைத் துவ, அதாவது மகள் என்றுதான் கூப்பிடுவார். நாங்கள் பேசுவதெல்லாம் சிங்களத்தில். என் சங்கடம் என்னவென்றால், துப்பிவிட்டு மற்றவர் என்ன சொல்கிறார் என்று காத்திருப்பேன். ஹேவாஹெட்டக்காரர் "தட்டையா இருக்கு சேர்" என்பார். அதற்குப் பிறகு நானும் தட்டை, உயிர்ப்பில்லை என்று முனகுவேன். எனக்கு முன்பே தெரிந்திருக்கும், ஆனால் வாயை விட்டு வெளியே வராது.

"துவ, உன் நாக்கு நல்ல நாக்கு. ஆனால் அது உள்ளேயே இருந்தால் எனக்கு என்ன பிரயோசனம்?" என்று ஒருநாள் கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே படி இறங்கினேன்.

அந்த மாதங்களில் நான் மிகவும் தனியாக இருந்தேன். அறையில் நான் ஒருத்திதான் பெண். கீழே கணக்குப் பிரிவில் இருந்த பெண்கள் எங்களை எச்சில் துப்புகிறவர்கள் என்று கிண்டல் செய்து, சாப்பாட்டு மேசையில் ஒரு கதிரை தள்ளியே உட்காருவார்கள். தொழுவதற்கு மாதிரிப் பெட்டிகள் அடுக்கிய சின்ன அறையைத் தந்திருந்தார்கள். தொழுதுவிட்டு அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன். பின்னேர ரயிலில் ஜன்னல் ஓரம் கிடைத்தால் அதுவே அந்த நாளின் சந்தோஷம்.

பயிற்சியின் கடைசி மாதம் நோன்பு மாதமாக வந்து விழுந்தது.

எங்கள் வீடுகளில் நோன்பு நோற்றுக்கொண்டு சமைக்கும் பெண்கள் நுனி நாக்கில் உப்புப் பார்த்துத் துப்புவதுண்டு. அதில் பிழையில்லை என்பார்கள். ஆனால் உம்மாவுக்கு அதிலும் பயம். கையளவில் குத்துமதிப்பாகத்தான் உப்புப் போடுவார், மாதம் முழுக்க எங்கள் கஞ்சி ஒருநாள் கடலாகவும் ஒருநாள் வெறும் நீராகவும் இருக்கும். தேநீர்ச் சுவை நுனி நாக்கு விஷயமே இல்லை. தொண்டைவரை இழுக்க வேண்டும், ஒரு துளியும் உள்ளே போகாது என்று யாராலும் சொல்ல ஏலாது. ஆகவே தலைமைச் சுவைஞரிடம் போய், நோன்பு நாட்களில் நான் கரண்டி தொட மாட்டேன் என்று சொன்னேன்.

அவர் உடனே தலையாட்டினார். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் மரியாதைதான். அந்த மரியாதையை நினைத்தால் இப்போதும் எனக்கு எரிச்சல் வருகிறது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் எனக்கு ஒரு மேசை போட்டார்கள். மாதிரி டின்களுக்கு லேபல் அடிக்கும் வேலை தந்தார்கள். என் கண் முன்னால் யாரும் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஹேவாஹெட்டக்காரர் சோற்றுப் பார்சலை ஒளித்து எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்குப் போவார்.

"நீங்க உக்காருங்க. ஒங்க வரிசையையும் நானே பாத்துக்கிறேன்," என்றார்.

பார்த்துக்கொண்டார். நான் லேபல் அடித்துக்கொண்டிருக்க, கண்ணாடிக்கு அப்பால் அவர் உறிஞ்சும் சத்தமும் உடனே அவர் குரலும் கேட்கும். ஒவ்வொரு நாளும் அந்தக் குரல் உறுதியாகிக்கொண்டே போனது. என் நாக்கு வாய்க்குள் சும்மா கிடந்தது. அவர்மேல் பொறாமைப்பட்டேன். இவ்வளவு நல்ல மனிதன்மேல் பொறாமைப்படுகிறேனே என்று என்மேலும் கோபப்பட்டேன்.

நோன்பு மாதத்தின் பிற்பகுதியில், கொழும்பிலிருந்து ஒருவர் வந்து எங்கள் இருவருக்கும் சோதனை வைப்பார் என்று செய்தி வந்தது. தலைமைச் சுவைஞர் என் மேசைக்கு வந்தார். "நீ கஷ்டப்பட வேண்டாம் துவ. உனக்கு முந்தின மாதங்களின் புள்ளிகளை வைத்துப் பார்க்கச் சொல்கிறேன்," என்றார். முந்தின மாதங்களில் நான் முனகினதற்குக் கிடைத்த புள்ளி எனக்குத் தெரியும். நன்றி சேர் என்றேன்.

சோதனைக்கு முதல் நாள் எனக்கு மாதவிடாய் வந்தது.

அந்த நாட்களில் எங்களுக்கு நோன்பும் இல்லை, தொழுகையும் இல்லை. விட்ட நோன்பைப் பிறகு பிடித்துக்கொள்ளலாம். மார்க்கமே தந்த விடுதலை அது, ஆனால் வீட்டில் அதை யாரும் வாயால் சொல்வதில்லை. உம்மாவும் நானும் அந்த நாட்களில் குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு, சோற்றுக் கோப்பையை முழங்காலில் வைத்துத் தின்போம். வாப்பா பகல் தொழுகைக்கு முன் கடையிலிருந்து வருவார். நோன்பு மாதத்தில் அவருக்குக் கேட் திறக்கத் தெரியாது. கொளுக்கியை ஆட்டுவார், இருமுவார், மறுபடி ஆட்டுவார். "இத்தின வருஷமா இரிந்தும் சொந்த ஊட்டுக் கேட்டத் திறக்கத் தெரியல்ல," என்று உம்மா முணுமுணுத்துக்கொண்டே கோப்பைகளை அலுமாரிக்குள் தள்ளுவார். வாப்பா உள்ளே வரும்போது நாங்கள் இருவரும் வாயைத் துடைத்துக்கொண்டு நோன்பாளிகளாக நிற்போம்.

வீட்டிலேயே இப்படியென்றால் அலுவலகத்தில் எப்படிச் சொல்வது? அன்றைக்கு நான் நோன்பில்லாமலே நோன்பு பிடித்தேன். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. தொழுகை நேரத்துக்கு எழுந்து போகாவிட்டால் யாராவது கவனிப்பார்களோ என்று மாதிரிப் பெட்டி அறைக்குப் போய், பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்தேன். பிறகு தாங்க ஏலாமல் பையிலிருந்த போத்தலை எடுத்து வாயில் வைத்தேன். அந்த நேரம் பார்த்து ஹேவாஹெட்டக்காரர் ஒரு டின் எடுக்க உள்ளே வந்தார். என்னைப் பார்த்தார். டின்னை எடுக்காமலே திரும்பிப் போய்விட்டார்.

நான் களவாக நோன்பை முறித்தேன் என்று அவர் நினைத்திருப்பார். விளக்கம் சொல்லவும் முடியாது. அந்த அறையில் போத்தலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். எனக்கு வெட்கமாக இருந்தது, வெட்கப்பட ஒன்றுமே இல்லாத ஒரு காரியத்துக்காக வெட்கப்படுகிறேன் என்பது இன்னும் கேவலமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து உம்மாவிடம் சொன்னேன். நாளைக்கு எனக்குச் சுவை பார்க்க ஏலும், சொல்லட்டுமா என்று கேட்டேன். உம்மா பதறிப்போனார்.

"என்ன மகள் பேசுறீங்க? அத்தின ஆம்புளயளுக்கு முன்னால என்னண்டு சொல்லுற? தலவலி எண்டு ஒரு நாள் லீவு போடுங்க. வேல வேற வரும்."

"இது வராது உம்மா."

உம்மா கஞ்சியைத் துழாவப் போய்விட்டார். அவரும் அந்தக் கதவைச் சாத்திக்கொண்டே வாழ்ந்தவர். அவரிடம் வேறென்ன எதிர்பார்ப்பது?

அடுத்த நாள் காலை ரயிலில் அந்த ஒரு வசனத்தைச் சிங்களத்தில் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன். எல்லாமே கேவலமாகத்தான் ஒலித்தது. பேராதனைச் சந்தியில் பள்ளிப் பிள்ளைகள் ஏறி இரைச்சலானது. அந்த இரைச்சலுக்குள் ஒருமுறை வாய்விட்டே சொன்னேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கொழும்பிலிருந்து வந்தவர் கழுத்துப்பட்டி கட்டிய, அவசரமான மனிதர். ஹேவாஹெட்டக்காரர் கிண்ணங்களை வடித்து அடுக்கிக்கொண்டிருந்தார். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் லேபல்களோடு உட்கார்ந்திருந்தேன். கிண்ணங்களிலிருந்து ஆவி எழும்பியது. ஆறினால் சுவை போய்விடும், அதற்குள் தொடங்கியாக வேண்டும். அந்த ஆவியைப் பார்த்ததும் எழுந்துவிட்டேன்.

"சேர், இன்றைக்கு என்னால் சுவை பார்க்க முடியும்," என்றேன்.

தலைமைச் சுவைஞர் குழப்பமாகப் பார்த்தார். "வேண்டாம் துவ, நோன்பல்லவா? உன் நோன்பைக் கெடுத்த பாவம் எங்களுக்கு வேண்டாம்."

"இன்றைக்கு எனக்கு நோன்பு இல்லை."

இந்த முறை அறை முழுக்கக் கேட்டது. கொழும்புக்காரர், "நோன்பு மாதம் முடியவில்லையே?" என்றார். அவருக்கு விளங்கவில்லை.

"மாதம் முடியவில்லை சேர். எனக்கு இன்றைக்கு இல்லை. பெண்களுக்குச் சில நாட்களில் இல்லை."

என் காது இரண்டும் எரிந்தன. ஹேவாஹெட்டக்காரர் கையிலிருந்த துணியால் ஏற்கனவே துடைத்த கிண்ணத்தை மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார். தலைமைச் சுவைஞர் சுவரில் மாட்டியிருந்த கரண்டிகளில் ஒன்றை எடுத்து, வெந்நீரில் அலசி, கைப்பிடி என் பக்கம் வர நீட்டினார்.

"இந்தத் துவவுக்கும் ஒரு வரிசை வை," என்று ஹேவாஹெட்டக்காரரிடம் சொன்னார்.

நாட்கணக்கில் தேநீர் தொடாத நாக்கு. நோன்பில் காரமும் எண்ணெயும் குறைந்திருந்ததாலோ என்னவோ, முதல் கிண்ணமே பளிச்சென்று விழுந்தது. உறிஞ்சினேன், துப்பினேன், சொன்னேன். யாருக்காகவும் காத்திருக்கவில்லை. இதைவிடப் பெரிய ஒன்றை அந்த அறையில் ஏற்கனவே சொல்லியாகிவிட்டது, இனித் தட்டை என்றும் துவர்ப்பு என்றும் சொல்வதற்கு என்ன பயம்? ஒரு கிண்ணத்தைத் தாழ்நிலத் தேயிலை என்று அடித்துச் சொன்னேன். அது உயர்நிலத்து உடப்புசல்லாவைத் தேயிலை. கொழும்புக்காரர் சிரித்துவிட்டார். "பிழை என்றாலும் காதில் விழுகிற மாதிரிச் சொல்கிறாய்," என்றார்.

முடிந்து கிண்ணங்களைக் கழுவும்போது ஹேவாஹெட்டக்காரர் என் பக்கம் பார்க்காமலே பேசினார். "நேத்து அந்த ரூம்ல நான் ஒன்னும் பாக்கலீங்க."

"பாத்தா என்ன? தண்ணிதானே," என்றேன்.

அவர் கொஞ்சம் சிரித்தார். பெருநாளுக்குப் பிறகு எனக்கு இடம் கிடைத்தது, அவருக்கு இல்லை. இப்போது அவர் தோட்டத் தொழிற்சாலை ஒன்றில் இருக்கிறார். அவர் உலர்த்திய தேயிலை சில நேரம் என் வரிசைக்கு வரும். அதற்கும் மற்ற எதற்கும் போலத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும், சொல்கிறேன். சோதனை நடந்த அன்றைக்குச் சாயங்காலம் தனியாக இருக்கப் பிடிக்கவில்லை, படிக்கட்டு ஓரம் அவரோடு நின்று ஒரு பிளேன்டி குடிக்கலாம் போல இருந்தது. ஆனால் வழமைபோல அவசரமாக ரயிலைப் பிடித்தேன்.

நோன்பு திறக்க எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். பாங்குக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. வாப்பா பேரீச்சம்பழத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, சோதினை எப்படி மகள் என்று கேட்டார்.

"நல்லம் வாப்பா. எல்லாக் கோப்பையும் பாத்தேன்."

"நோன்போடயா பாத்தீங்க?" என்றார் நானா.

மேசைக்குக் கீழே உம்மாவின் கால் என் காலை மிதித்தது. காலையில் சொன்னதைவிட இது கஷ்டமாக இருந்தது. அங்கே அந்நியர்கள்.

"இல்ல நானா. எனக்கு இண்டைக்கு நோன்பில்ல."

நானா கஞ்சிக் கோப்பைக்குள் எதையோ தேடத் தொடங்கினார். வாப்பா பேரீச்சம்பழத் தட்டை மறுபடி நகர்த்தி வைத்தார். பாங்கு கேட்டது. எல்லாரும் பிஸ்மி சொல்லிப் பழத்தை எடுத்தார்கள். நானும் எடுத்தேன். அதற்குப் பிறகு படுக்கும்வரை அந்த வீட்டில் என்னோடு ஒருவரும் பேசவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்த காலத்தில்கூட அவ்வளவு தனியாக நான் இருந்ததில்லை.

மறுநாள் சனிக்கிழமை, எனக்கு வேலை இல்லை. நானா கடையில் இருந்தார். உம்மா உடம்புக்கு முடியாமல் அறையில் படுத்திருந்தார். பகலில் நான் குசினியில் சோற்றைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். கதவைச் சாத்த எழுந்து, பிறகு சாத்தாமல் உட்கார்ந்துவிட்டேன். அடுப்பில் பின்னேரத்துக்கான கஞ்சி மெல்லக் கொதித்துக்கொண்டிருந்தது.

வாப்பா வந்தார். கொளுக்கி ஆடியது. இருமல் கேட்டது. மறுபடி கொளுக்கி ஆடியது. என் கை பழக்கத்தில் கோப்பையைத் தூக்கிவிட்டது. குசினி வாசலிலிருந்து பார்த்தால் கேட் தெரியும். காலையில் நான்தான் அதைத் திறந்து விட்டிருந்தேன். கொளுக்கி மாட்டவே இல்லை. வாப்பா திறந்த கேட்டுக்கு வெளியே, முதுகை எங்கள் பக்கம் காட்டிக்கொண்டு, ரோட்டைப் பார்த்து நின்று, தொங்கிக்கொண்டிருந்த கொளுக்கியைக் கையால் ஆட்டிக்கொண்டிருந்தார்.

கோப்பையைத் திரும்பவும் கீழே வைத்தேன். நோன்பு மாதத்தில் மட்டும் இறுகிப்போகும் அந்தக் கேட்டை நினைத்துப் பார்த்தேன். எத்தனை வருடம் வெயிலில் அப்படி நின்றிருக்கிறார். நாங்கள் உள்ளே யாருக்குத் தெரியக்கூடாது என்று விழுங்கிக்கொண்டிருந்தோமோ, அவர் வெளியே எங்களுக்காகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"கேட் திறந்துதான் ஈக்குது வாப்பா," என்றேன். குரல் பெரிதாகவே வந்தது. "நான் தின்டுகொண்டு ஈக்கிறேன். நீங்க வாங்க."

கொளுக்கிச் சத்தம் நின்றது. உள்ளே வந்தார். குசினியைத் திரும்பிப் பார்க்காமல் அறைப் பக்கம் நடந்தார். அறை வாசலில் நின்று, சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"மகள், உம்மாட கஞ்சி நேத்து வாயில வைக்க ஏலா. ஒங்களுக்குத்தான் இண்டைக்கு ஏலுமே. உப்பப் பாத்துச் சொல்லுங்க."

எழுந்துபோய் அகப்பையில் கொஞ்சம் அள்ளி ஊதி வாயில் விட்டேன். துப்பவில்லை, விழுங்கினேன்.

"உப்புக் காணாது வாப்பா," என்று அவருக்குக் கேட்கிற மாதிரிச் சொல்லிவிட்டு, உப்புப் போத்தலை எடுத்தேன்.